ஏறி இறங்கும் கூரை

டிசம்பர் மாத டெல்லியில் காற்று மிக மோசமாக இருப்பது எப்போது? நெரிசலில் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கும் நேரம் என்றுதான் தோன்றும். ஆனால் கருவிகள் காட்டும் கணக்கு வேறு. சாலைகள் வெறிச்சோடிக் கிடக்கும் பின்னிரவிலும் விடிகாலையிலும் மாசு குவிந்து நிற்கிறது. லட்சக்கணக்கான வண்டிகள் ஓடும் பிற்பகல் 3 மணிக்கு அது கணிசமாகக் குறைந்துவிடுகிறது. உடம்புக்கு நல்லது என்று விடியுமுன் பூங்காவுக்கு நடக்கப் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

காரணத்தைத் தலைக்கு மேலே தேட வேண்டும். வெயில் தரையைச் சுடுகிறது; தரை தன்னைத் தொடும் காற்றைச் சுடுகிறது; சூடான காற்று எழுந்து புரள்கிறது. இப்படிப் புரண்டு கலக்கும் பகுதிக்குக் கலப்பு அடுக்கு என்று பெயர். நகரம் விடும் புகை பெரும்பாலும் இதற்குள்தான் பரவும். அதன் உச்சிதான் புகைக்குக் கூரை. மே மாதப் பிற்பகலில் டெல்லியின் கூரை 2, 3 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். குளிர்கால இரவில் அதுவே 100, 200 மீட்டருக்கு இறங்கிவிடும். தரை வேகமாகக் குளிர, கீழே கனமான குளிர்காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காகி நின்றுவிடுகின்றன. இந்த நிலைக்கு வெப்பத் தலைகீழ் என்று பெயர். கீழே உள்ள காற்று மேலெழ வழியே இல்லை. கல்யாண மண்டபத்தில் போடும் சாம்பிராணியைப் பூட்டிய பூஜை அறையில் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் டெல்லியில் ஒவ்வொரு குளிர்கால இரவும் நடக்கிறது.

இதை எண்ணில் பார்க்கலாம். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 25-ல் ஒரு பங்கு. ஆகஸ்டில் டெல்லியின் ஒரு கன மீட்டர் காற்றில் இது சராசரியாக 40 மைக்ரோகிராமை ஒட்டி இருக்கிறது. நவம்பரில் 200-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். நகரம் விடும் புகை மூன்றே மாதத்தில் 5 மடங்கு பெருகிவிடுவதில்லை. காற்றின் திசையும் கூரையின் உயரமும்தான் பெரிதும் மாறுகின்றன.

நவம்பருக்கு வெளியூர் விருந்தாளி ஒன்றும் உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதால், ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்று 2009-இல் சட்டம் வந்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இடையில் இரண்டு, மூன்று வாரம்தான். அறுவடை இயந்திரம் விட்டுப்போன அடித்தாளை அகற்ற, தீக்குச்சியை விடச் செலவு குறைந்த வழி இல்லை. பருவமழைக் காற்று ஓய்ந்து, வடமேற்குக் காற்று வீசி, கூரையும் இறங்கும் அதே நாட்களில் அந்தப் புகை கிளம்புகிறது. மண்ணுக்கு அடியில் நீரைக் காக்கப் போட்ட சட்டம் வானத்தின் நாட்காட்டியோடு மோதிக்கொண்டது. இதற்காக உழவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எளிது. ஜனவரியில் தாள் எரிவதில்லை; காற்று அப்போதும் மோசம்தான்.

ஜனவரித் துகள்களில் கணிசமானவை எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளிவந்தவை அல்ல, காற்றிலேயே பிறந்தவை. வயல்களின் யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் அம்மோனியா வாயு எழுகிறது. பிளாஸ்டிக் குப்பையை எரிப்பதிலும் சில தொழிற்சாலைகளிலும் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்புகிறது. குளிரில் இரண்டும் சேர்ந்தால் அம்மோனியம் குளோரைடு, அதாவது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரம். ஈரக் காற்றில் அது நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து, ஒளியைச் சிதறடிக்கிறது. டெல்லியில் பார்வைத் தூரம் குறைவதில் ஏறக்குறையப் பாதி இந்தக் குளோரைடு வேலைதான் என்று சென்னை ஐ.ஐ.டி. தலைமையிலான குழு 2021-இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் காட்டியது. வெயில் ஏறியதும் நவச்சாரத் துகள் மறுபடி வாயுக்களாகப் பிரிந்து கலைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் துகள்களை எடை போடும் கருவி இன்னொரு அதிசயம். அது மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. நாம் ஓய்வாக விடும் மூச்சைப் போல் சுமார் இரண்டு மடங்கு. முதலில் காற்றைச் சுழலவைக்கிறது. பெரிய துகள்கள் வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதி நின்றுவிட, நுண்துகள்கள் மட்டும் உள்ளே போய் ஒரு கண்ணாடியிழை நாடாவில் படிகின்றன. நாடாவின் ஒரு பக்கம் துளி கார்பன்-14; அது விடும் எலெக்ட்ரான்கள் படிவைத் துளைத்து மறுபக்கம் போகின்றன. எத்தனை எலெக்ட்ரான் குறைகிறதோ அதற்கேற்ப எடை. மணிக்கு ஒரு முறை நாடா நகர்ந்து புது இடம் காட்டும். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிடுவதால், கருவி எடை போடுவது உலர்ந்த துகளை. நம் கண்ணை மறைப்பதோ ஊறிப் பருத்த துகள். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

கோடையில் கூரை உயரத்தில் இருந்தும் நிம்மதி இல்லை. தார் பாலைவனப் பக்கமிருந்து புழுதி வருகிறது. கூடவே ஓசோன். இதை வெளிவிடும் வண்டியோ ஆலையோ கிடையாது. வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கும்போது தானாக உருவாகிறது. வேடிக்கை என்னவென்றால், வண்டிகள் புதிதாக விடும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசலான சந்திப்பை விட மரங்கள் சூழ்ந்த அமைதியான குடியிருப்பில் ஓசோன் அதிகமாக இருக்கக்கூடும். 2020 பொதுமுடக்கத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தது. ஓசோன் அதே அளவு இறங்கவில்லை, சில இடங்களில் ஏறவும் செய்தது.

ஜூன் கடைசியில் மழை. மழைத்துளிகள் காற்றைக் கழுவிவிடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். விழும் துளி தன் முன்னால் உள்ள காற்றை விலக்கித் தள்ளுகிறது. பெரிய துகள் விலக முடியாமல் துளியில் மோதும். மிகச் சிறியது தள்ளாடித் தள்ளாடித் தானே போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை காற்றோடு வளைந்து நழுவிவிடுகின்றன. அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசியை மழை எப்படி இறக்குகிறது என்று ஆராய்ந்த கிரீன்ஃபீல்டு 1957-இல் இதை எழுதியதால், இதற்குக் கிரீன்ஃபீல்டு இடைவெளி என்று பெயர். நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள்களில் பல இந்த இடைவெளிக்குள் அடங்குபவை. அவற்றை மேகம்தான் பிடிக்கிறது: துகளையே விதையாக வைத்து நீர்த்திவலை வளர்கிறது, பிறகு மழையாக இறங்குகிறது. கடலிலிருந்து வரும் சுத்தமான காற்று மீதி வேலையைச் செய்கிறது.

ஆக, செய்தியில் வரும் காற்றுத் தரக் குறியீடு 220 என்றால், அது மே மாதத்தில் ஒரு பொருள், டிசம்பரில் வேறு பொருள். அந்த எண் எல்லா மாசுகளின் சராசரி அல்ல. 8 மாசுகளைக் கணக்கில் கொள்ளும் முறையில், அவற்றில் எது மிக மோசமோ அதன் குறியீடே நகரத்தின் எண் ஆகிவிடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தினசரி அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே முதன்மை மாசு எது என்று போட்டிருப்பார்கள். அங்கே பி.எம். 2.5 என்று இருந்தால் என்95 முகமூடி பெரும்பகுதியைத் தடுக்கும். ஓசோன் என்று இருந்தால் அதே முகமூடி வழியே வாயு தாராளமாக உள்ளே போய்விடும்; பிற்பகல் வெயிலில் வெளியே போகாமல் இருப்பதுதான் வழி.