விடியற்கால ரயிலும் கூடும் எடையும்

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்கு வந்த நம் பாட்டன்மாருக்கு எடை கூடும் கவலை இருந்ததில்லை. பூமிக்கடியில் பாறை உடைத்த உடம்புக்குத் தின்றது போதவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வந்தது, ஊரைக் காலி செய்யாமலே நடக்கும் இடப்பெயர்வு. மாரிகுப்பத்தில் இருட்டோடு ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கை அது.

இந்த ஓட்டத்தில் தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் சுரப்பு குறைகிறது. பகலெல்லாம் டீயும் பன்னும், இரவு பத்து மணிக்கு மேல் வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இந்த வழியில்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. இப்படி எடை கூடுவதைச் சோம்பேறித்தனம் என்று பழிப்பது அநியாயம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் பரிசோதனை அவசியம்.

எடை காரணமில்லாமல் குறைந்தால் இன்னும் கவனம் தேவை. சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சுரங்கத் தூசியால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்த பெரியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

சிகிச்சைக்கு இன்னொரு வழியும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உங்கள் உரிமை. காண்ட்ராக்டரிடம் வேலை செய்யும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றுடன் எடுக்கும் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியும் உங்கள் பெயரில் பணம் கட்டப்படவில்லையென்றால் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

30 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்புப் பரிசோதனை இலவசம். ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா கதவைத் தட்டும்போதும் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை முகாம் வேண்டும். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிகுப்பம் ஸ்டேஷன் அருகிலும் அதை நடத்தச் சொல்லி, லைன்வாரியாகக் கையெழுத்து வாங்கி, வார்டு உறுப்பினரிடமும் தாலுகா சுகாதார அதிகாரியிடமும் மனு கொடுக்க வேண்டும்.