பண்ணையை விற்றுப் பாய் விரித்த குடும்பம்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் லீக் என்ற ஊருக்கு அருகே பால்பண்ணை வைத்திருந்த ராபர்ட்சன் குடும்பம், 1971 ஜனவரி 27 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து லூசெட் என்ற பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பியது. வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்தப் படகில் போயிருந்தது. ஏறக்குறைய பதினேழு மாதம் கழித்து, பசிபிக் கடலின் நடுவே படகு சில நிமிடங்களில் மூழ்கிப்போனது. அதன் பிறகு 38 நாள் ஆறு பேர் கடலில் உயிரோடு இருந்தார்கள். கடலில் தத்தளிப்பவர் எப்படிப் பிழைக்கலாம் என்பது பற்றிப் பின்னால் எழுதப்பட்டவற்றில் அந்த 38 நாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

கறவை வாழ்க்கை

டூகல் ராபர்ட்சன் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1924-ல் பிறந்தவர். கப்பல் படிப்புப் படித்து, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவர். மனைவி லின், பயிற்சி பெற்ற செவிலியர். கடல் வேலையை உதறிவிட்டு 1950-களில் இருவரும் பண்ணைத் தொழிலில் இறங்கினார்கள். விடியுமுன் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை, நடுவில் வயல் வேலை என்று ஆண்டுகள் ஓடின. ஆன், டக்ளஸ், இரட்டையர்களான நீல், சாண்டி என்று நான்கு பிள்ளைகள். பாடுபட்டதற்குக் குறைவில்லை, கையில் மிஞ்சியதுதான் கொஞ்சம்.

1968-ல், ஒற்றை ஆளாக எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் போட்டி பிரிட்டன் முழுவதும் பேச்சாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வானொலியில் அந்தச் செய்தி வந்தபோது, அப்பாவும் மாலுமிதானே, நாமும் ஏன் போகக்கூடாது என்று நீல் கேட்டிருக்கிறான். சிறுவன் விளையாட்டாகக் கேட்டதைப் பெற்றோர் விளையாட்டாக விடவில்லை. பண்ணையைத் தாண்டி உலகம் அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல படிப்பு கிடைக்காது என்பது டூகலின் கணக்கு. பண்ணை விலைக்கு வந்தது.

படகும் வழியும்

லூசெட் 1922-ல் கட்டிய மரப்படகு. 43 அடி நீளம், இரண்டு பாய்மரம் கொண்ட ஸ்கூனர் வகை. மால்டாவில் வாங்கியது. ஸ்கூனரில் பாய்ப் பரப்பு பல பாய்களாகப் பிரிந்திருக்கும். தனித்தனிப் பாய் ஒவ்வொன்றும் சிறியது என்பதால் ஓரிருவரே ஏற்றி இறக்கிவிடலாம். பெரியவர் இருவரும் பிள்ளைகளுமாகப் போகும் படகுக்கு அது தோது. ஆனால் ஐம்பதை நெருங்கிய மரப்படகுக்குரிய தொல்லைகளும் உடன் வந்தன. பழைய பலகை இடுக்குகளில் நீர் கசிவதும், அதை இறைப்பதும், துறைமுகம் கண்டால் இடுக்கடைப்பதும் இத்தகைய படகில் அன்றாட வேலை.

ஐரோப்பாவிலிருந்து மேற்கே போகும் பாய்மரப் படகுகளுக்குக் கொலம்பஸ் காலம் முதல் ஏறக்குறைய ஒரே வழிதான். முதலில் தெற்கே இறங்கிக் கானரி தீவுகளை எட்ட வேண்டும். அங்கே வடகிழக்கு வியாபாரக் காற்று கிடைக்கும். அது பின்னாலிருந்து தள்ள, கரீபியன் தீவுகள் வரை போகலாம். அங்கிருந்து பனாமா கால்வாய், கலாபகஸ், மார்க்கேசாஸ், டாஹிட்டி என்று பசிபிக்கின் தீவுகளைத் தொட்டுத் தொட்டு மேற்கே போவார்கள். ராபர்ட்சன் குடும்பமும் இதே வழியில்தான் போனது. கஷ்டம் தொடக்கத்திலேயே இருந்தது: ஜனவரியில் இங்கிலாந்தை விடுவதென்றால் குளிர்காலப் புயல் நடமாடும் பிஸ்கே விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். தந்தையைத் தவிர மற்றவர்களுக்குக் கடல் புதிது.

படகுக் குடித்தனத்தில் நேரத்தைக் காவல்முறை ஆள்கிறது. இரவிலும் ஒருவர் சுக்கானருகே விழித்திருக்க வேண்டும்; சில மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். குடிநீர் அளந்து செலவாகும், பாத்திரம் கழுவக் கடல்நீர்தான். படகோடு சேர்ந்து அடுப்பு கவிழாதபடி அது ஊஞ்சல்போல் ஆடும் சட்டத்தில் தொங்கும். பண்ணையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பொழுது பார்த்து வேலை செய்வது பழகிய ஒன்று. அந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்தது.

கரீபியனில் பல துறைமுகங்களில் தங்கிய பின், மூத்தவள் ஆன் பஹாமாஸிலேயே இருந்துவிட்டாள். பனாமாவில் ராபின் வில்லியம்ஸ் என்ற 22 வயதுப் பட்டதாரி சேர்ந்துகொண்டார். அவருக்குப் படகு அனுபவம் கிடையாது. கலாபகஸிலிருந்து 1972 ஜூன் 13 அன்று கிளம்பியபோது மார்க்கேசாஸ் தீவுகள் ஏறக்குறைய 3,000 மைல் தொலைவில் இருந்தன.

ஜூன் 15

மூன்றாம் நாள் காலை பத்து மணிவாக்கில், கலாபகஸுக்கு மேற்கே சுமார் 200 மைலில், ஓர்கா திமிங்கிலங்கள் படகின் அடிப்பகுதியில் மோதின. சம்மட்டியால் அடித்ததுபோல் அடுத்தடுத்து அதிர்ச்சி. டூகல் உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, பிளந்த பலகை வழியாகக் கடலின் நீலம் தெரிந்தது. அடைக்கக்கூடிய ஓட்டையாக அது இல்லை. நீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுவதற்குள் மிதவையையும் சிறுபடகையும் தள்ளிவிட உத்தரவு போட்டார்.

காற்றடைத்த ரப்பர் மிதவை ஒன்று, எட்னாமேர் என்ற ஒன்பதரை அடி ஃபைபர் கண்ணாடிப் படகு ஒன்று, ஆறு உயிர்கள். சமையலறைக் கத்தி, லின்னின் தையல் கூடை, ஒரு பாய், கொஞ்சம் ஆரஞ்சு, எலுமிச்சை, வெங்காயம், பிஸ்கட் ஆகியவை கையில் அகப்பட்டவை. உணவும் நீரும் மூன்று நாளுக்குப் போதும். வரைபடம், திசைகாட்டி, வேறு கருவி எதுவும் கிடையாது. இவர்கள் மூழ்கிய சேதி கரையில் யாருக்கும் போகவில்லை. மார்க்கேசாஸ் சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை யாரும் தேடப்போவதும் இல்லை.

மழையைத் தேடி

இந்த இடத்தில் டூகல் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 200 மைலில் இருக்கும் கலாபகஸுக்குத் திரும்புவதே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தென்கிழக்கு வியாபாரக் காற்றும் மேற்கே ஓடும் நீரோட்டமும் அதற்கு நேர் எதிர். மார்க்கேசாஸுக்கோ நீரில்லாமல் போய்ச் சேர முடியாது. மிஞ்சியது வடக்கு. நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இரு பக்க வியாபாரக் காற்றும் சந்தித்து மேலெழும்பும் காற்றடங்கு மண்டலம் இருக்கிறது. பாய்மரக் கப்பல்காரர்கள் அஞ்சும் இடம் அது; அங்கே காற்று விழுந்துவிடும், ஆனால் மழை கொட்டும். அதோடு, அந்தப் பகுதியில் கிழக்கே ஓடும் எதிர் நீரோட்டம் ஒன்றும் உண்டு. அது மத்திய அமெரிக்கக் கரையை நோக்கிப் போகிறது. வணிகக் கப்பலில் கற்ற இந்தக் கடலறிவு டூகலின் நினைவில் இருந்தது. எட்னாமேரில் பாய் கட்டி, அது முன்னே போக, பின்னால் மிதவையை இழுத்துக்கொண்டு வடக்கே திரும்பினார்கள்.

ஒரு வாரம் ஆகும் நேரத்தில் ஒரு கப்பல் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வந்தது. மிதவையோடு வந்த சமிக்ஞைத் தீப்பந்தங்களைக் கொளுத்தியும் கவனிக்காமல் போய்விட்டது. காப்பாற்ற யாரோ வருவார் என்ற நினைப்பை டூகல் அன்றோடு விட்டார். இனிக் கப்பலை எதிர்பார்த்துக் கிடப்பதில்லை, கடலிலேயே பிழைத்துக் கரையைத் தாமே அடைவது என்று முடிவானது.

நீரும் இரையும்

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. அதைக் குடித்தால், உப்பை வெளியேற்ற உடம்பு குடித்ததைவிட அதிக நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் நாள் முதல் கடல்நீர் விலக்கப்பட்டது. மழை வந்தபோது மிதவையின் கூரைத் துணியில் விழுந்த நீர் மஞ்சளாகிக் கசந்தது. துணி நன்றாகக் கழுவப்பட்ட பிறகே வாயில் வைக்க முடிந்தது.

இரை தானாக வந்தது. இரவில் பறவைக் கோலா மீன்கள் துள்ளி உள்ளே விழுந்தன. அவற்றைத் துரத்தும் டொராடோ மீன்கள் மிதவையின் அடியில் முட்டின. பெரிய வரவு கடல் ஆமை. துடுப்புக் கால்களைப் பிடித்து, அலகுக்கும் நகத்துக்கும் தப்பிப் படகுக்குள் புரட்டி, கழுத்தில் கத்தி வைத்து, இரத்தம் உறையுமுன் பிடித்துக் குடித்தார்கள். ஆமையின் இரத்தத்தில் உப்பு கடல்நீரைவிட மிகக் குறைவு. அதனால் அது தாகத்துக்கு உதவும். இறைச்சியைக் கீற்றாக அறுத்து வெயிலில் காயவைத்தார்கள். கொழுப்பை வெயிலில் உருக்கி எடுத்த எண்ணெய், உப்புநீர் அரித்த புண்களுக்கு ஆயிற்று.

படகின் அடியில் தேங்கிய மழைநீரில் ஆமை இரத்தமும் கழிவும் கலந்துவிட்டிருந்தன. வாய்வழி குடித்தால் குமட்டி வாந்தி வரும், உள்ள நீரும் போய்விடும். செவிலியரான லின் அதற்கொரு வழி கண்டார். பெருங்குடலும் நீரை உறிஞ்சும் என்பதால், குழாய் வழியாக அந்த நீரை எனிமாவாகக் கொடுத்தார். ராபின் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களின் உடம்பில் அந்த நீர் தங்கியது.

ஒன்பதரை அடியில் ஆறு பேர்

பதினேழாம் நாள் மிதவை பயன்படாத நிலைக்கு வந்தது. அதுவரையில் வாயால் காற்று ஊதி ஊதியே அதைக் காப்பாற்றியிருந்தார்கள். இனி எல்லோரும் எட்னாமேரில். சாதாரணமாகக் கரைக்குப் போய்வர மட்டுமே ஆன படகு அது. ஆறு பேர் ஏறியதும் அதன் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலம்தான் நின்றது. ஒருவர் கால் நீட்ட வேண்டுமென்றால் எதிரிலிருப்பவர் அதற்கு ஈடாக நகர வேண்டும். இல்லாவிட்டால் நீர் உள்ளே வரும். சுக்கான் துடுப்பு பிடிப்பது, நீர் இறைப்பது, பாயைக் கவனிப்பது என்று வேலைகள் முறைவைத்து நடந்தன. சண்டையும் நடந்தது, ஆனால் முறை மாறவில்லை.

பேச்சு சாப்பாட்டைச் சுற்றியே வந்தது. ஊர் திரும்பியதும் லீக்கில் ‘டூகலின் சமையலறை’ என்று ஓர் உணவகம் வைப்பதாக அவர்கள் கற்பனை செய்தார்கள். எந்த நாளுக்கு எந்தப் பலகாரம், சூப்புக்கு என்ன, இனிப்புக்கு என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மணிக்கணக்கில் பட்டியல் போட்டார்கள். ஈர உடம்போடு கிடந்த இரட்டையர்களுக்கு அது பொழுதுபோக்கு. பெரியவர்களுக்கு, பிள்ளைகளின் மனம் தளராமல் பார்த்துக்கொள்ள ஓர் உபாயம்.

ஐந்து வாரம் ஆனபோது உலர்ந்த இறைச்சியும் மீனும் மழைநீரும் கையிருப்பில் சேர்ந்திருந்தன. இனி இரவில் துடுப்புப் போட்டுக் கரையை விரைந்து எட்டலாம் என்று திட்டம் தயாரானது. 750 மைலுக்கு மேல் வந்தாயிற்று. கரைக்கு இன்னும் 290 மைல். அந்த நேரத்தில், 1972 ஜூலை 23 அன்று, பனாமாவுக்குப் போய்க்கொண்டிருந்த டோகா மாரு 2 என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்கள் காட்டிய தீப்பந்தத்தைப் பார்த்துத் திரும்பியது. ஆறு பேரும் உயிரோடு கப்பலேறினார்கள். எட்னாமேரும் உடன் ஏற்றப்பட்டது.

பிறகு

டூகல் தம் அனுபவத்தை எழுதி 1973-ல் வெளியிட்ட நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்னர் அது திரைப்படமும் ஆனது. மகன் டக்ளஸ் பின்னாளில் லூசெட்டின் பயணம் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். எட்னாமேர், குடும்பம் கிளம்பிய ஃபால்மத் ஊரிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது.

தந்த பயனை வைத்துப் பார்த்தால், 1975-ல் டூகல் எழுதிய கடல் பிழைப்புக் கையேட்டையே முதலில் சொல்ல வேண்டும். எந்தக் கடலில் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோகும், எந்த மீனை எப்படிப் பிடிப்பது, எதைத் தின்னக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. 1982-ல் அட்லாண்டிக்கில் படகு மூழ்கி, தனியாக 76 நாள் மிதவையில் கிடந்து பிழைத்த அமெரிக்கர் ஸ்டீவன் கல்லஹன் கையில் அந்தக் கையேடு இருந்தது. அதே 1982-ல்தான் ஆபத்துச் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வழியாகப் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு முதல்முறையாக உயிர்களைக் காத்தது. இன்று குடும்பத்தோடு கடலேறும் படகுகளில், நீரில் விழுந்ததும் தானே இயங்கி இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி சாதாரணம். திமிங்கிலங்களின் தொல்லையும் பழங்கதையாகிவிடவில்லை: 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைத்துவருகின்றன, சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன.

கடல் பிழைப்புப் பயிற்சியில் நான்கு தேவைகள் வரிசையாகச் சொல்லப்படும்: உடம்புக்குப் பாதுகாப்பு, இருப்பிடத்தை அறிவித்தல், தண்ணீர், உணவு. லூசெட் மூழ்கிய நாளில் இரண்டாவது தேவைக்குத் தீப்பந்தங்களைத் தவிர எதுவும் இல்லை. தண்ணீரையும் உணவையும் கடலிடமிருந்தே பெற முடியும் என்பதையும், அதற்குக் கருவியைவிடக் காற்றும் நீரோட்டமும் அறிந்த ஒருவரும், உடம்பை அறிந்த ஒருவரும், சொன்ன வேலையை முறை தவறாமல் செய்யும் பிள்ளைகளும் போதும் என்பதையும் ராபர்ட்சன் குடும்பம் காட்டியது.