‘யார் தப்பு?’ன்னு கேட்காத வேலை!

ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா? ஃபிட்டிங் லேப்ல ஹாக்ஸா பிளேடு கையைக் கிழிச்சப்போ, எனக்கு முதல்ல கிடைச்சது பிளாஸ்திரி இல்லை... ‘கவனம் எங்கே இருந்துச்சு?’ங்கிற கேள்விதான். உங்களுக்கும் அப்படித்தானே?

இந்தக் கேள்வியே செல்லாத ஒரு வேலையில பதினஞ்சு வருஷமா இருக்காங்க என் சித்தி. கலிஃபோர்னியாவில், வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளர்களின் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் ‘க்ளெய்ம்ஸ் எக்ஸாமினர்’. லீவுக்கு வந்தவங்களை மடக்கிப் பிடிச்சேன்.

“ஹோட்டல் கிச்சன்ல ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டார். ‘செல்போனைப் பார்த்துக்கிட்டே நடந்தார்’னு முதலாளி சொல்றார். நீ என்ன முடிவெடுப்பே?”

“பணம் கிடையாது!”ன்னேன் கெத்தா.

“போச்சு! வேலை நேரத்துல, வேலையால அடிபட்டாரா? அவ்ளோதான் கேள்வி.”

1913-ல் அங்கே கட்டாயமாக்கப்பட்ட சட்டத்தின் அடிப்படையே இந்த ஒப்பந்தம்தான். தொழிலாளி பொதுவா முதலாளி மேல கோர்ட்டுக்குப் போக முடியாது. பதிலுக்கு, தப்பு யாருடையதா இருந்தாலும் சிகிச்சைச் செலவு கிடைக்கும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. போதையில விழுந்தது, வேணும்னே காயப்படுத்திக்கிட்டதுன்னு சில விதிவிலக்குகளும் இருக்கு.

மனு வந்ததும் தொழிலாளி, முதலாளி, டாக்டர்... மூணு பேர்கிட்டயும் விசாரிக்கணும். பெரும்பாலான கேஸ்கள்ல 90 நாளுக்குள் மறுக்கலைன்னா, காயம் வேலையால வந்ததாவே சட்டம் எடுத்துக்கும். முடிவு தெரியுறவரைக்கும் 10,000 டாலர் வரை சிகிச்சைச் செலவை ஏத்துக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சேரவேண்டிய பணம் லேட்டானா, 10 சதவிகிதம் சேர்த்துக் கொடுக்கணும்!

“சிகிச்சைக்கு ‘சரி’ன்னு நான் சொல்லலாம். ‘இது தேவையில்லை’ன்னு சொல்ல ஒரு டாக்டர்தான் வேணும்” என்கிறார் சித்தி.

“பொய் சொல்லிக்கிட்டு வர்றவங்க இல்லையா?”

“இருக்காங்க. அதுக்காக எல்லாரையும் பொய்யர்னு நினைச்சா, அந்த நாற்காலியில உட்காரக் கூடாது” என்றவர், கொஞ்சம் நிறுத்தினார். “வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு முதுகுவலி ஃபைலை ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’னு ஒதுக்கி வெச்சுட்டேன். ஒருநாள் அந்த அம்மாகிட்டேருந்து போன். அழலை, கத்தலை. ‘இந்த மாச வாடகைக்கு என்ன பண்றது... அதை மட்டும் சொல்லுங்க’ன்னாங்க. அன்னிலேர்ந்து ஃபைலைத் திறந்தா முதல்ல தேதியைத்தான் பார்ப்பேன்.”

இது ஏதோ அமெரிக்கக் கதைன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இந்தியாவிலும் 1923-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தாச்சு. நாளைக்கு நீங்களே ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசரா நிக்கலாம். யாருக்காவது அடிபட்டா, முதல்ல ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸை எடுங்க. அப்புறம் தேதி, நேரம், என்ன நடந்துச்சு, யார் பார்த்தாங்கன்னு எழுதி வைங்க. ஒரு வீட்டு வாடகை அந்தத் துண்டுச்சீட்டை நம்பி இருக்கலாம். ‘கவனம் எங்கே இருந்துச்சு?’ன்னு அப்புறமா கேட்டுக்கலாம், பாஸ்!