அடிமையாக இருந்தவர் ஓவியரான கதை: யார் இந்த ஹுவான் தே பரேஹா?

1970-ல் லண்டனில் நடந்த ஏலத்தில் ஓர் ஓவியம் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. ஏலத்தில் 10 லட்சம் பவுண்டைத் தாண்டிய முதல் ஓவியம் அதுதான். வரைந்தவர், ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ். சரி, படத்தில் இருப்பவர் யார்? அவருடைய அடிமை, ஹுவான் தே பரேஹா!

பட்டறையில் ஓர் அடிமை

17-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஓவியர்கள் அடிமைகளை வைத்திருப்பது சாதாரண விஷயம். தெற்கு ஸ்பெயினின் அந்தகேராவில் சுமார் 1608-ல் பிறந்த பரேஹா, ஆப்பிரிக்க வம்சாவளி. வெலாஸ்கெஸின் பட்டறையில் உதவியாளர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால், எஜமானரின் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

1650, ரோம்

அந்த ஆண்டு ரோமில் வெலாஸ்கெஸ் வரைந்ததுதான் பரேஹாவின் படம். மார்ச் மாதம் பாந்தியனில் பார்வைக்கு வைக்கப்பட்டு, ரோம் நகரத்தையே பேச வைத்தது. நிமிர்ந்த தலை, நேரான பார்வை. இவர் அடிமைன்னு சொன்னா நம்ப முடியாது. ஆனா, அன்றைக்கும் அவர் அடிமைதான். விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது நவம்பர் 23-ல். அதிலும் ஒரு நிபந்தனை: இன்னும் 4 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும்.

ராஜா விடுவித்தாரா?

பரேஹா ரகசியமாக வரைந்த படத்தைப் பார்த்து வியந்த மன்னர் நான்காம் ஃபிலிப், 'இவ்வளவு திறமைசாலி அடிமையாக இருக்கக் கூடாது' என்று விடுவித்ததாக 18-ம் நூற்றாண்டு எழுத்தாளர் பலோமினோ சொல்கிறார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ரோம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்து 1983-ல் வெளியான அந்தப் பத்திரம் வேறு கதை சொல்கிறது. அதில் கையெழுத்திட்டவர் வெலாஸ்கெஸ். மன்னருக்கு அதில் வேலையே இல்லை.

சொந்தத் தூரிகை

1654-க்குப் பிறகு மத்ரீத்தில் தனி ஓவியராக வாழ்ந்தார் பரேஹா. கட்டடக் கலைஞர் ஹோசே ராத்தெஸின் உருவப்படம், 'எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்' (1658), 'கிறிஸ்துவின் திருமுழுக்கு' (1667) எல்லாம் அவருடையவை. 1670-ல் மறைந்தார்.

அவருடைய முக்கியமான படைப்பு 'புனித மத்தேயுவின் அழைப்பு' (1661). 3 மீட்டருக்கும் மேல் அகலம். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சி. படத்தின் இடது ஓரத்தில் ஒருவர் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறார். அது பரேஹாவேதான். கையில் ஒரு தாள். அதில் அவர் பெயரும் ஆண்டும்.

ஒரு காலத்தில் எஜமானரின் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர், இப்போது சொந்த ஓவியத்தில் போட்டிருக்கிறார்.

2023-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இவருக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. எஜமானர் வரைந்த பரேஹாவும், பரேஹா வரைந்த பரேஹாவும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.