ஹைதராபாத்: ஒரு மாநகரும் அதன் மொழிகளும்

மூஸி ஆற்றின் தென்கரையில் கி.பி. 1591இல், ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, ஹைதராபாத் நகரை நிறுவிய சுல்தான் முஹம்மது குலீ குத்புஷா ஒரு கவிஞர். அவருடைய தக்கனி மொழித் திவானில் ஈதுப் பெருநாளும் மீலாதும் பாடப்பெறுவது போலவே வசந்த விழாவும் மழைக்காலமும் உள்ளூர்க் கனிகளும் பாடப்பெறுகின்றன. பாரசீகம் அரசவையில் கோலோச்சிய காலத்தில், மக்கள் நாவில் புழங்கிய மொழிக்கு அரசரே அளித்த ஏற்பு அது. அம்மரபில் முல்லா வஜ்ஹீ 1635இல் எழுதிய ‘சப் ரஸ்’, உருது உரைநடையின் தொடக்ககாலப் பெருநூல்களுள் ஒன்று.

தெலுங்கும் குத்புஷாஹி மன்னர்களுக்கு அந்நியமன்று. முஹம்மது குலீயின் தந்தை இப்ராஹீம் குத்புஷாவைத் தெலுங்குப் புலவர்கள் ‘மல்கிபராம’ எனத் தம் மொழிக்கேற்ப அழைத்துப் போற்றினர். அவருடைய அதிகாரிகளுள் ஒருவரான அமீன் கானுக்கே, தனித்தெலுங்கின் முதற்காவியமாகக் கருதப்படும் ‘யயாதி சரித்திரமு’ காணிக்கையாக்கப்பட்டது.

ஆஸஃப் ஜாஹி நிஜாம்களின் காலத்தில் இந்நகரம் அறிவுப் பதிப்புலகின் மையமாயிற்று. 1888இல் தோன்றிய ‘தாயிரத்துல் மஆரிஃப்’ அரிய அரபுக் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி அச்சிட்டது. இப்னு ஹஜரின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’, பைஹகீயின் ‘அஸ்ஸுனனுல் குப்ரா’ ஆகியவற்றின் ஹைதராபாத் பதிப்புகள் உலகெங்கும் அறிஞர் கைகளை அடைந்தன. ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ காலாண்டிதழ் 1927இல் மர்மட்யூக் பிக்தாலை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்தே வெளிவரத் தொடங்கியது.

எனினும், இந்நகரின் துணிகரமான முயற்சி உஸ்மானியாப் பல்கலைக்கழகமே. மீர் உஸ்மான் அலீ கான் ஆட்சியில் 1918இல் தொடங்கிய இது உருதுவையே பயிற்றுமொழியாகக் கொண்டது. முந்தைய ஆண்டு அமைந்த ‘தாருத் தர்ஜுமா’ என்னும் மொழிபெயர்ப்பகம் அறிவியல், மருத்துவம், சட்டம், வரலாறு, மெய்யியல் நூல்களை உருதுவாக்கியது. கலைச்சொல்லாக்க நெறிகளை விளக்கி வஹீதுத்தீன் சலீம் தனிநூலே எழுதினார். இந்திய மொழியொன்றில் உயர்கல்வி முழுவதையும் கற்பிக்க இயலும் என்பதை இம்முயற்சி மெய்ப்பித்தது.

ஆனால் சமஸ்தான மக்களுள் பெரும்பாலோரின் தாய்மொழிகள் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும். குத்புஷாஹிகளின் அரவணைப்பு அம்மொழிகளுக்கு இப்போது கிட்டவில்லை. 1901இலேயே ஹைதராபாத்தில் தெலுங்கு அன்பர்கள் ‘ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலயம்’ என்னும் நூலகத்தைத் தம் முயற்சியால் நிறுவியிருந்தனர் என்பது எண்ணத்தக்கது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்ததும் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. அரும்பாடுபட்டு ஆக்கிய நூல்கள் மாணவரை இழந்தன.

மாறாக, 1931இல் முஹியுத்தீன் காதிரி ஸோரின் முனைப்பால் எழுந்த ‘இதாரயே அதபிய்யாதே உருது’ ஆட்சி மாற்றத்தைக் கடந்தும் தக்கனிக் கையெழுத்துப் படிகளைப் பேணிக் காத்தது. 1998இல் மௌலானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் இந்நகரில் நிறுவப்பட்டபோது பழைய கனவு மீண்டும் உயிர்பெற்றது.

தமிழ்வழி உயர்கல்வியை விரும்பும் நமக்கு ஹைதராபாத் இரண்டு பாடங்களைத் தருகிறது. கவிதையால் மட்டும் ஒரு மொழி அறிவுமொழி ஆகிவிடாது; மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லும் பாடநூலும் வேண்டும். அரசாணை அவற்றை உருவாக்கலாம். நிலைபெறச் செய்வதோ மக்களின் பற்றும், அண்டை மொழியினரின் நல்லெண்ணமுமே.