எட்டு நாள் விழா, ஆறு நாள் தனிமை

திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு வரும் வெளிநாட்டவருக்குப் படப் பட்டியலைவிட முதலில் தேவை சில காகிதங்கள்.

டிசம்பர் பிறந்தால் திருவனந்தபுரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு தனிக் கூட்டம் நடமாடத் தொடங்கிவிடுகிறது. காலையில் தம்பானூரின் கைரளி-ஸ்ரீ-நிளா வளாகம், மாலையில் வழுதக்காடு தாகூர் தியேட்டர், இரவில் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கம் என்று எட்டு நாள் அலைச்சல். 1998இல் அமைக்கப்பட்ட கேரள சலச்சித்ர அகாதெமி நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழா இது. 2025 டிசம்பரில் 30ஆவது விழா நடந்தது.

இதன் போட்டிப் பிரிவில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமே இடம். விழாவின் பெருமையும் விருந்தாளிகளின் சிக்கலும் அங்கேதான் சேர்ந்தே தொடங்குகின்றன. ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அநேகமாகத் தொல்லையின்றி வந்து சேர்ந்துவிடுவார். இந்த விழா யாரை முக்கியமாகக் கூப்பிடுகிறதோ அவர்களுக்குத்தான் வழியெல்லாம் கேள்விகள்.

முதல் கேள்வி ஊசி பற்றியது. கென்யா, நைஜீரியா, செனகல், பிரேசில், கொலம்பியா போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வருபவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். (நம் ஊர் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, இங்கே தாராளமாக உண்டு. அதனால்தான் இந்தக் கெடுபிடி. சான்றிதழ் இல்லாதவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். எட்டு நாள் விழாவுக்கு வந்தவருக்கு மிச்சம் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புறப்படும் முன்தினம் அவசரமாக ஊசி போட்டுக்கொண்டும் பயனில்லை. போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அழைப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டிய தகவல் இது.

அடுத்தது விசா. படம் பார்க்க மட்டும் வருபவருக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் சுற்றுலா விசா போதும். 2014இல் இந்த வசதி தொடங்கியபோதே திருவனந்தபுரம் விமான நிலையமும் பட்டியலில் இருந்தது. நடுவராகவோ பேச்சாளராகவோ வருபவர் எந்த வகை விசா தேவை என்று தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. முகவரி gov.in-க்குப் பதிலாக வேறெதிலாவது முடிந்தால் அந்தத் தளத்தில் பணம் கட்டாதீர்கள். அரசுத் தளம் போலவே வேஷம் போட்டுக் கூடுதல் கட்டணம் பறிப்பவை பல.

காகிதம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2022 டிசம்பர் விழாவில் 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு. அவரால் வர முடியவில்லை. தம் கூந்தலை வெட்டிக் கொடுத்தனுப்பினார். கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் சங்காரி மேடையில் அதை உயர்த்திப் பிடித்தார். ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது.

வந்து சேர்ந்தவரை வீட்டில் தங்கவைக்க ஆசைப்படும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும். ஓட்டல்காரர் இதை வழக்கமாகச் செய்துவிடுவார். வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. நண்பர்தானே என்று விட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும். தேநீர்க் கடைவரை செல்போனில் பணம் வாங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டு அட்டையை ஆட்டோக்காரர் என்ன செய்வார்? பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் ஒன்று வாங்கிக்கொள்வதும் உதவும்.

இருக்கைக்கு முன்பதிவு உண்டு. நல்ல படங்களுக்கு அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இந்த ஊர் ரசிகர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022இல் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' தாகூர் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, மணிக்கணக்கில் வரிசையில் நின்றும் இடம் கிடைக்காதவர்கள் போராட்டத்தில் இறங்க, போலீஸ் வழக்கே போட்டது. தமிழ்க் கிராமம் ஒன்றில் நடக்கும், பாதி தமிழ் பேசும் படம் அது என்பதில் நமக்கு ஒரு ரகசிய சந்தோஷம்.

பசித்தால் தம்பானூர் பஸ் நிலையத்தருகே இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள். சரிவில் ஏறிக்கொண்டே மேஜை தேட வேண்டும்.

பத்மநாபசுவாமி கோயில் விஷயத்தில் மட்டும் விருந்தாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்துக்கள் அல்லாதவருக்கு அனுமதி இல்லை; ஆண்கள் வேட்டியுடன் மேலாடையின்றிப் போக வேண்டும். வாசலில் நின்று முகம் சுருங்குவதைவிட, பக்கத்திலேயே சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகைக்கு அழைத்துப் போகலாம். ஒரு முழு நாள் கிடைத்தால், நாகர்கோவில் போகும் சாலையில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956இல் எல்லை பிரித்தபோது நேர்ந்த விசித்திரம் இது.

இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்று படம் பார்க்கலாம்.