பிராசசர் வாசலில் ஒரு சப்ஸ்டேஷன்

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர். பித்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறும் இளைஞர்கள், இந்தக் கட்டத்தில் மெமரியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் மதர்போர்டின் மேல் மூலையைப் பார்ப்பது நல்லது. பிராசசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் சாக்கெட் ஒன்று காலியாக இருக்கலாம்.

பெரிய 24 பின் பிளக்கைச் செருகியாயிற்றே, இது வேறு எதற்கு? அந்த 24-இல் 12 வோல்ட் தரும் பின்கள் இரண்டே இரண்டு. ஃபேன் சுற்ற அது போதும், பிராசசருக்குப் போதாது.

1.2 வோல்டில் 100 வாட் எடுக்கும் பிராசசருக்குள் 83 ஆம்பியர் பாய்கிறது. வீட்டு ஏசிக்குப் போடும் பிளக்கே 16 ஆம்பியர்தான்! கம்பியில் வீணாகும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே அதே 100 வாட்டை 12 வோல்டில் அனுப்பினால் கரண்ட் பத்தில் ஒரு பங்கு, வெப்பம் நூறில் ஒரு பங்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தை 230, 400 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி அனுப்புவதும் இதே கணக்கில்தான். சப்ஸ்டேஷன், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் என்று படிப்படியாக இறங்கி வீட்டுக்கு 230 வோல்ட் வருகிறது. இறக்கம் அங்கே முடிவதில்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் அதை 12 ஆக்குகிறது. பிராசசரைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் சிறு சுருள்களும் டிரான்சிஸ்டர்களும் கடைசிச் சில சென்டிமீட்டரில் அதை ஒன்றே சொச்சம் வோல்ட்டுக்கு இறக்குகின்றன. அந்தக் குட்டி சப்ஸ்டேஷனுக்கு வரும் லைன்தான் நாம் மறந்த பிளக். 2000-இல் பென்டியம் 4 வந்தபோது இது 4 பின்னாக அறிமுகமானது.

கிராபிக்ஸ் கார்டு பிளக்கிலும் 8 பின் உண்டு. அது 6+2 ஆகப் பிரியும். பிராசசருடையது பெரும்பாலும் 4+4. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி நிற்பதால், மாற்றிச் செருக முடியாதபடி துளைகளின் வடிவத்தை வேறாக வைத்திருக்கிறார்கள். பலம்காட்டி அழுத்தினால் ஷார்ட்தான். 1995-இல் ஏடிஎக்ஸ் என்ற தரவிதி வருமுன் இந்தக் காவலும் சரியாக இல்லை. பி8, பி9 என இரு பிளக்குகளை, கருப்புக் கம்பிகள் நடுவில் சேரும்படி பார்த்துச் செருக வேண்டியிருந்தது. இடம் மாறினால் போர்டு போச்சு. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில் இன்றும் ஓர் ஆபத்து இருக்கிறது. கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரு கம்பெனி கேபிளை இன்னொன்றில் மாட்டினால் ஹார்டு டிஸ்க் கருகலாம்.

கேபினெட்டின் கண்ணாடிக் கதவுக்கும் வண்ண விளக்குக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. 24 பின் பிளக்கில் வரும் சாம்பல் நிறக் கம்பி ஒன்றைக் கவனியுங்கள். எல்லா வோல்டேஜும் சீரானதும் எஸ்எம்பிஎஸ் அதன் வழியே 'சரி' சொல்லும். அதன் பிறகே பிராசசர் விழிக்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ்களில் இந்தச் சோதனையே ஒப்புக்குத்தான்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் அருமை கரண்ட் போகும்போதும் தெரியும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது நடந்ததுபோல் நாள்கணக்கில் கரண்ட் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணிமைக்கும் நேரம் போய்வரும் கரண்டை, நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் இருப்பதைக்கொண்டு சுமார் 17 மில்லி விநாடி சமாளிக்கும். சாதாரண மோடில் இருக்கும் இன்வர்ட்டர் அதற்குள் மாறாது. பல இன்வர்ட்டர்களில் 'யூபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடும்.